'எர்னஸ்ட்' நாடகத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் வேலை, நோட்ஸையும் கதைச்சுருக்கத்தையும் எடுத்து ஓரமாக வையுங்கள். ஆஸ்கார் வைல்ட் எழுதிய 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' மூன்றே அங்கங்கள் உள்ள நாடகம், ஒரு சாயங்காலத்தில் படித்து முடித்துவிடலாம். சுருக்கத்தை முதலில் படித்துவிட்டால், கடைசி அங்கத்தில் ஒரு பழைய தோல் பை மேடைக்கு வரும்போது கிடைக்க வேண்டிய சந்தோஷம் கிடைக்காது. வைல்ட் 1900இல் இறந்தவர், பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பரீட்சைக்குப் படிப்பவர்கள் அடிக்குறிப்புகள் உள்ள பதிப்பு ஒன்றை நூலகத்தில் எடுத்துக்கொள்வது நல்லது, ஆனால் முதல் வாசிப்பில் அந்தக் குறிப்புகள் பக்கம் போகாதீர்கள். இந்தக் கட்டுரையிலும் கீழே முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, நாடகத்தைப் படித்த பிறகு திரும்பி வாருங்கள்.

முடிந்தால் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். மேடையில் பேசுவதற்காக எழுதிய வாக்கியங்கள் இவை. மௌனமாகப் படித்தால் பாதி நகைச்சுவை கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரே ஒரு விதி: சிரிக்க வைக்க முயற்சி செய்யாமல் படிக்க வேண்டும். இந்தப் பாத்திரங்களில் ஒருவருக்குக்கூடத் தான் வேடிக்கையாகப் பேசுகிறோம் என்று தெரியாது. ஒவ்வொருவரும் தன் விஷயத்தில் மிகத் தீவிரமாக இருக்கிறார்கள், அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

முதல் வாசிப்பு: யார், எங்கே, என்ன பெயரில்

ஒரு தாளை எடுத்து, யார் எந்த இடத்தில் எந்தப் பெயரில் இருக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். ஜாக் வொர்திங் கிராமத்தில் பொறுப்பான பெரிய மனிதர், செசிலி என்ற பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் காப்பாளர். லண்டனுக்குப் போய் ஆட்டம் போட வேண்டும் என்பதற்காக எர்னஸ்ட் என்று ஒரு ஊதாரித் தம்பியைக் கற்பனையாக உருவாக்கி வைத்திருக்கிறார், லண்டனில் அவரே எர்னஸ்ட். அவருடைய நண்பன் அல்ஜெர்னானுக்கும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு: பிடிக்காத விருந்துகளிலிருந்து தப்பிக்க, பன்பரி என்று இல்லாத ஒரு நோயாளி நண்பன். ஜாக் காதலிக்கும் க்வெண்டோலன், அல்ஜெர்னானின் அம்மாவுக்குச் சகோதரியான லேடி பிராக்னெலின் மகள். எர்னஸ்ட் என்ற பெயர் உள்ளவனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று அவள் உறுதியாக இருக்கிறாள். பார்க்காத எர்னஸ்ட் மேல் செசிலிக்கும் காதல், அவளுடைய டைரியில் பிப்ரவரி 14ஆம் தேதியே நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது, அவனிடமிருந்து வந்த கடிதங்களையும் அவளே எழுதிக்கொண்டாள். (நாடகம் முதலில் மேடையேறியதும் 1895 பிப்ரவரி 14ஆம் தேதிதான், லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில்.) அந்தப் பெயரை ஆங்கிலத்தில் உச்சரித்தால் 'நேர்மையும் முனைப்பும் உள்ளவன்' என்று பொருள்படும் சொல்லும் அதே ஒலியில் வரும், தலைப்பின் சிலேடை அது. இதைத் தெரிந்துகொண்டால் போதும், அதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுத வேண்டியதில்லை.

முதல் அங்கம் லண்டனில் ஹாஃப் மூன் தெருவில் அல்ஜெர்னானின் வீடு. இரண்டாவதும் மூன்றாவதும் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஜாக்கின் பண்ணை வீடு, முதலில் தோட்டம், அப்புறம் வரவேற்பறை.

இரண்டாம் வாசிப்பு: ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கதை பிடிபட்டதும் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். இந்தமுறை மனதில் ஒரே கேள்வி இருக்கட்டும்: இந்தக் கல்யாணத்துக்கு 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எதை வைத்துச் சொல்கிறார்கள்? என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்வியே போதும். வர்க்கம், கல்யாணம், குடும்ப கௌரவம் என்று தனித்தனித் தலைப்பு போட்டு நோட்டில் எழுதுபவர்கள் மூன்றையும் தொலைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் நாடகத்தில் இந்த மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் சேர்ந்துதான் வருகின்றன.

முதல் அங்கத்தில் லேடி பிராக்னெல் ஜாக்கை விசாரிக்கும் காட்சியில் நிறைய நேரம் செலவழியுங்கள். கையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். மாப்பிள்ளைப் பட்டியல் ஒன்றும் வைத்திருக்கிறார், ஒரு சீமாட்டி தோழியும் இவரும் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்கிறார்களாம். பெண் பார்க்கும் படலத்தில் பையனைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பதைப் பார்த்த நமக்கு இந்தக் காட்சி உடனே புரிந்துவிடும், அது நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த ஒப்பீட்டோடு நின்றுவிடாதீர்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் 1895ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குறிப்பான ஒரு விஷயம் இருக்கிறது. அது தெரியாவிட்டால் அது வெறும் கடி ஜோக்காகத்தான் தெரியும்.

வருமானத்தை எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஏழாயிரம் முதல் எட்டாயிரம் பவுண்டு என்கிறார் ஜாக். நிலத்திலா, முதலீட்டிலா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் முதலீட்டில் என்றதும் லேடி பிராக்னெலுக்குத் திருப்தி. பிரபுக் குடும்பத்துப் பெண்மணி நிலத்தை வேண்டாம் என்று சொல்கிறாரே என்று அங்கே நில்லுங்கள். 1870களிலிருந்து அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் வந்து இறங்க, இங்கிலாந்தில் விவசாயமும் குத்தகை வருமானமும் சரிந்துகொண்டிருந்தன. அதோடு 1894 பட்ஜெட்டில் இறந்தவர் சொத்தின் மேல் புது வரி வந்தது. உயிரோடு இருக்கும்போது நிலத்துக்காகக் கடமைகள், செத்த பிறகும் அதே நிலத்துக்காக வரி என்று 'டியூட்டி' என்ற ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் வைத்து அவர் புலம்புவது, நாடகம் மேடையேறுவதற்குச் சில மாதங்கள் முன்னால் வந்த சட்டத்தைப் பற்றி. அன்றைக்கு அரங்கில் முன்வரிசையில் இருந்த பலருக்கு அந்த வரியைப் பற்றிக் கவலை இருந்திருக்கும்.

அடுத்தது முகவரி. பெல்கிரேவ் சதுக்கத்தில் 149ஆம் எண் வீடு. அந்த இடம் பணக்காரப் பகுதி, ஆனால் அந்த எண் நாகரிகமான பக்கத்தில் இல்லையாம். அதை மாற்றிவிடலாம் என்கிறார். எதை மாற்றுவது, நாகரிகத்தையா, பக்கத்தையா என்று ஜாக் கேட்க, தேவைப்பட்டால் இரண்டையும் என்று பதில் வருகிறது. அரசியல் கேள்விக்கு லிபரல் யூனியனிஸ்ட் என்கிறார் ஜாக். 1886இல் அயர்லாந்து சுயாட்சி விவகாரத்தில் கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சியிலிருந்து பிரிந்து போனவர்கள் அவர்கள். டோரிகளோடு, அதாவது கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களோடு சேர்த்துத்தான் கணக்கு, விருந்துக்கே கூப்பிடுவோம், அல்லது சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொல்வோம் என்கிறார் லேடி பிராக்னெல். கட்சிக் கொள்கை என்ன என்று கேட்கவே இல்லை, சாப்பாட்டு மேஜையில் எவ்வளவு தூரம் உள்ளே விடலாம் என்பதுதான் அளவுகோல். எழுதியவர் டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவிலும் ஜாக் பாஸ். அப்பா அம்மா என்று வந்ததும் எல்லாம் சரிகிறது. விக்டோரியா ரயில் நிலையத்தில், சாமான் ஒப்படைக்கும் க்ளோக் ரூமில், ஒரு தோல் பைக்குள் கண்டெடுக்கப்பட்ட குழந்தை அவர். நம் ரயில் நிலையங்களிலும் அந்த அறைக்கு அதே பெயர் இருப்பதால் இது நமக்கு விளக்கம் இல்லாமலே புரியும். பையைத்தான் கொஞ்சம் சரியாகக் கற்பனை செய்ய வேண்டும்: பெண்கள் தோளில் மாட்டும் சின்னப் பை இல்லை, பெரிய கறுப்புத் தோல் பை, பிடிகள் வைத்தது, குழந்தை கொள்ளும் அளவு. பிரைட்டன் லைன் என்று ஜாக் அதற்கும் கொஞ்சம் கௌரவம் சேர்க்கப் பார்க்கிறார், எந்த லைனாக இருந்தால் என்ன என்று ஒரே வார்த்தையில் அடித்துவிடுகிறார் லேடி பிராக்னெல். சீசன் முடிவதற்குள் ஒரு பெற்றோரையாவது தேடிக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போகிறார். சீசன் என்பது பிரபுக் குடும்பங்கள் லண்டனில் கூடி விருந்தும் நடனமுமாகப் பிள்ளைகளுக்கு வரன் தேடும் மாதங்கள், கோடை நடுவில் முடிந்துவிடும். ஆக அவர் கொடுக்கும் கெடு நிஜமான கெடு.

மூன்றாம் அங்கத்தில் அதே விசாரணை மறுபடி நடக்கிறது. பலர் இதை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள், நீங்கள் தாண்டாதீர்கள். இந்தமுறை விசாரிக்கப்படுபவள் செசிலி. அவளுடைய தாத்தாவின் மூன்று முகவரிகள், குடும்ப வக்கீல்கள் பெயர், பிறப்பிலிருந்து தடுப்பூசி, தட்டம்மை வரைக்கும் சான்றிதழ்கள் என்று ஜாக் ஒப்பிக்க, லேடி பிராக்னெல் அசையவில்லை, கிளம்பத் தயாராகிவிட்டார். அப்புறம்தான் போகிற போக்கில் கேட்கிற மாதிரி, பெண்ணுக்குச் சொத்து ஏதாவது உண்டா என்கிறார். ஒரு லட்சத்து முப்பதாயிரம் பவுண்டு, அரசுப் பத்திரத்தில். உடனே உட்கார்ந்துவிடுகிறார், இப்போது பார்த்தால் பெண் லட்சணமாக இருக்கிறாளாம். அன்றைக்கு அரசுப் பத்திரத்துக்கு வட்டி இரண்டே முக்கால் சதவீதம், கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 3,575 பவுண்டு, கையை அசைக்காமல் வரும் பணம். மாப்பிள்ளை அல்ஜெர்னானோ கையில் கிடைத்த பில்களைக் கிழித்துப் போடுகிறவன். அவனிடம் எதுவும் இல்லை, ஆனால் எல்லாம் இருப்பது போலத் தோன்றுகிறான் என்று லேடி பிராக்னெலே பெருமையாகச் சொல்கிறார். அவரும் கல்யாணமானபோது கையில் காசில்லாமல்தான் வந்தார், அதையும் அவரே சொல்கிறார். இந்த ஒரு தகவலை வைத்து அவருடைய முதல் அங்கப் பேச்சு முழுவதையும் மறுபடி படித்துப் பாருங்கள், வாசலுக்குள் வந்துவிட்டவர் கதவை எவ்வளவு இறுக்கமாகச் சாத்துகிறார் என்பது தெரியும்.

இப்போது நம் கேள்விக்கு வாருங்கள். க்வெண்டோலனுக்கு 'முடியாது' சொல்பவர் அம்மா, அப்பாவுக்கு வீட்டுக்குள்ளேயே எதுவும் தெரிவதில்லை. செசிலிக்கு 'முடியாது' சொல்பவர் காப்பாளர் ஜாக், தாத்தாவின் உயில்படி முப்பத்தைந்து வயது வரை அவருடைய சம்மதம் வேண்டும். என் கல்யாணத்துக்கு நீங்கள் சம்மதியுங்கள், அல்ஜெர்னான் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்கிறேன் என்று ஜாக் பேரம் பேசுகிறார். காதலுக்கு நடுவே நடக்கும் அப்பட்டமான கொடுக்கல் வாங்கல் அது. பேரம் படியவில்லை. முடிச்சை அவிழ்ப்பது மிஸ் பிரிசம், இப்போது செசிலிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் கைப்பிரதியையும் குழந்தையையும் இடம் மாற்றி வைத்துவிட்ட பழைய ஆயா. அவருடைய நாவல் தள்ளுவண்டிக்குள் போனது, குழந்தை பைக்குள் போனது. ஜாக் யார் என்றால் லேடி பிராக்னெலின் சொந்தச் சகோதரியின் பிள்ளை, அல்ஜெர்னானின் அண்ணன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். முதல் அங்கத்தில் மறுக்கப்பட்ட ஜாக்கிடம் இருந்த வருமானம், வீடு, குணம், பொய்கள் எல்லாம் மூன்றாம் அங்கத்திலும் அப்படியேதான் இருக்கின்றன. ஒன்றும் மாறவில்லை. முன்பு அவரை அவமானப்படுத்திய அதே பைதான் இப்போது அவருடைய குலத்துக்குச் சாட்சி சொல்கிறது. குடும்ப கௌரவம் என்று இவ்வளவு நேரம் பேசியது எதன் மேல் நின்றது என்பதை வைல்ட் யார் வாயாலும் சொல்ல வைக்கவில்லை, ஒரு பையை இரண்டுமுறை பயன்படுத்திக் காட்டிவிட்டார். இந்த நாடகத்தை நான் இவ்வளவு நேசிப்பதற்கு முக்கியக் காரணம் இந்த அமைப்பு.

வேலைக்காரர்களைப் பாருங்கள்

அடுத்த வாசிப்பில் வேலைக்காரர்கள் மேடையில் இருக்கும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். முதல் அங்கம் தொடங்குவதே லேன் என்ற வேலைக்காரரோடு. எஜமானின் ஷாம்பெயின் எப்படிக் குறைகிறது என்பது பற்றியும் கல்யாணம் பற்றியும் அவர் அமைதியாகப் பதில் சொல்கிறார். கீழ்த்தட்டு மக்கள் நமக்கு நல்ல முன்மாதிரியாக இல்லாவிட்டால் அவர்களால் என்ன பயன் என்று அல்ஜெர்னான் அலுத்துக்கொள்கிறான். லேடி பிராக்னெலுக்காக வைத்திருந்த வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுகளை அவனே தின்று தீர்த்தபோது, சந்தையில் வெள்ளரிக்காயே இல்லை, ரொக்கம் கொடுத்தும் கிடைக்கவில்லை என்று முகம் மாறாமல் பொய் சொல்லிக் காப்பாற்றுவதும் லேன்தான். 'ரொக்கம் கொடுத்தும்' என்பதைக் கவனியுங்கள், அந்த வீடு வழக்கமாகக் கடனில்தான் ஓடுகிறது என்பது அதிலேயே வந்துவிடுகிறது.

இரண்டாம் அங்கத்தில் தேநீர் காட்சி. ஒரே எர்னஸ்டைத்தான் இருவரும் மணக்கப்போவதாக நினைத்துக்கொண்டு க்வெண்டோலனும் செசிலியும் சண்டைக்குத் தயாராகும் நேரத்தில் பட்லர் மெரிமன் மேஜை விரிப்போடும் தட்டோடும் வந்துவிடுகிறார். வேலைக்காரர் முன்னால் கத்த முடியாது. அதனால் சண்டை முழுவதும் சர்க்கரைக்கும் கேக்குக்கும் இடம் மாறுகிறது: வேண்டாம் என்றவளுக்கு நாலு கட்டி சர்க்கரை, ரொட்டியும் வெண்ணெயும் கேட்டவளுக்குப் பெரிய கேக் துண்டு. இதை மூன்று பேர் நிஜமான கோப்பைகளோடு வகுப்பில் நடித்துப் பார்க்க வேண்டும். மெரிமனாக நிற்பவர் அதிகம் பேசாமலே காட்சியைக் கட்டுப்படுத்துவது அப்போதுதான் தெரியும். வர்க்கம் பற்றிக் கேள்வி வந்தால் பெரும்பாலானவர்கள் லேடி பிராக்னெலிடம் ஓடுகிறார்கள், இந்தக் காட்சியை எடுத்து எழுதுங்கள்.

செசிலியின் பாடம் நடக்கும் இடத்தில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு வரி இருக்கிறது. அரசியல் பொருளாதாரம் படிக்கச் சொல்லும் மிஸ் பிரிசம், ரூபாயின் வீழ்ச்சி பற்றிய அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடச் சொல்கிறார், அது இளம்பெண்ணுக்குக் கிளர்ச்சி தரக்கூடியதாம். அந்த ரூபாய் நம் ரூபாய். வெள்ளி நாணயமாக இருந்ததால், 1870களிலிருந்து உலகச் சந்தையில் வெள்ளி விலை விழ விழ ரூபாயின் மதிப்பும் விழுந்தது, ரூபாயில் சம்பளம் வாங்கி இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பிய ஆங்கில அதிகாரிகள் திண்டாடினார்கள், 1893இல் இந்திய நாணயச் சாலைகளில் தனியார் கொண்டுவரும் வெள்ளிக்கு நாணயம் அடித்துக் கொடுப்பதை நிறுத்தினார்கள். தோட்டத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்ணின் பாடப்புத்தகத்தில் இந்தியா ஒரு விட்டுவிடத்தக்க அத்தியாயமாக இருக்கிறது.

மிஸ் பிரிசமை வெறும் கோமாளியாகப் பார்க்க வேண்டாம். வீட்டில் வேலை செய்பவர், ஆனால் படித்தவர், சமையலறையிலும் சேராதவர், விருந்து மேஜையிலும் சேராதவர். கடைசியில் ஜாக் அவரைத் தன் அம்மா என்று தவறாக நினைத்துக் கட்டிப்பிடிக்கப் போகும்போது, நான் கல்யாணமாகாதவள் என்று அவர் பதறிப் பின்வாங்குகிறார். ஆணுக்கு ஒரு சட்டம், பெண்ணுக்கு ஒரு சட்டமா, நான் மன்னிக்கிறேன் என்கிறார் ஜாக். அந்தக் கால மேடையில் 'தவறிய பெண்' பற்றிய உருக்கமான நாடகங்களுக்குக் குறைவில்லை, வைல்டும் 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' நாடகத்தில் 1892இல் அந்தப் பக்கம் போயிருக்கிறார். இங்கே அதே வசனத்தைத் தவறான ஆளிடம் சொல்ல வைக்கிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் சொன்ன கேள்வி நியாயமான கேள்வி.

படம் எப்போது பார்ப்பது

இரண்டு வாசிப்பு முடிந்த பிறகு. 1952இல் ஆந்தனி ஆஸ்குவித் இயக்கிய படத்தில் ஈடித் எவன்ஸ் லேடி பிராக்னெலாக வருகிறார். பை என்ற சொல்லை அவர் இழுத்துச் சொல்வது அவ்வளவு பிரபலம், அதற்குப் பிறகு அந்த வேடம் போட்ட ஒவ்வொருவரும் அந்த ஒரு சொல்லை எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டியதாகிவிட்டது. முதலிலேயே பார்த்துவிட்டால் உங்கள் காதிலும் அந்தக் குரல்தான் ஒலிக்கும். படம் பார்க்கும்போது ஜாக் கறுப்பு துக்க உடையில் தோட்டத்துக்குள் மெதுவாக நடந்து வரும் இடத்தைக் கவனியுங்கள். இல்லாத தம்பி பாரிஸில் செத்துப்போனான் என்று அறிவிக்க வருகிறார், அந்தத் தம்பி என்று சொல்லிக்கொண்டு அல்ஜெர்னான் ஏற்கனவே வீட்டுக்குள் இருக்கிறான். பார்வையாளர்களுக்கு இது தெரியும், ஜாக்குக்குத் தெரியாது. வாயைத் திறப்பதற்கு முன்னால் அரங்கு சிரித்துவிடும். புத்தகத்தில் இது ஒரு சின்ன மேடைக்குறிப்புதான்.

வைல்டின் வாழ்க்கையை எவ்வளவு சேர்ப்பது

கொஞ்சம் சேர்க்க வேண்டும், அளவு முக்கியம். நாடகம் மேடையேறி நான்கு நாள் கழித்து, வைல்டின் நெருங்கிய நண்பர் ஆல்ஃபிரட் டக்ளஸின் தந்தையான குவீன்ஸ்பெரி பிரபு, வைல்டின் கிளப்பில் அவரை இழிவுபடுத்தி ஒரு அட்டை விட்டுப்போனார். வைல்ட் அவதூறு வழக்குப் போட்டார், அது அவர் மேலேயே திரும்பியது, ஆணுறவு காரணமாக 1895 மே 25ஆம் தேதி இரண்டு வருஷக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. நாடகத்தை நடத்திய, ஜாக் வேடத்திலும் நடித்த ஜார்ஜ் அலெக்சாண்டர், விளம்பரங்களிலிருந்து வைல்டின் பெயரை எடுத்துவிட்டார். மே மாதத்திலேயே நாடகமும் நின்றது. அச்சில் வந்தது 1899இல். இரட்டை வாழ்க்கை, பெயர், கௌரவம் பற்றி எழுதியவருக்கே இது நடந்தது என்பது மனதைப் பிசைகிறது. ஆனால் 1894 கோடையில் இதை எழுதியபோது இதெல்லாம் நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஜோக்கையும் வழக்கின் முன்னறிவிப்பாகப் படித்தால் நாடகம் கையை விட்டுப் போய்விடும். கட்டுரையில் ஒரு பத்தி போதும்.

எழுதும்போது

'வைல்ட் உயர்குடியைக் கிண்டல் செய்கிறார்' என்று எழுதாதீர்கள், அது எல்லோரும் எழுதுவது, எதையும் நிரூபிக்காது. ஒரு சின்ன இடத்தை எடுத்து, அங்கே யார் யாரிடம் என்ன கேட்கிறார், பதில் எந்த நிமிஷத்தில் மனதை மாற்றுகிறது, அந்த நிமிஷத்தில் அன்றைய உலகின் எந்த விஷயம் உள்ளே வருகிறது என்ற வரிசையில் எழுதுங்கள். உதாரணமாக: செசிலியின் சான்றிதழ்கள் அத்தனையையும் கேட்டும் எழுந்து நின்ற லேடி பிராக்னெல், அரசுப் பத்திரத்தில் உள்ள தொகையைக் கேட்டதும் உட்காருகிறார், அதனால் குலம் பற்றிய அவருடைய நிபந்தனைக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை வசனத்துக்கு முன்பே அவருடைய உடல் சொல்லிவிடுகிறது. இப்படி நான்கு பத்தி எழுதினால் நல்ல விடை. மேற்கோளாக நீளமாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஐந்தாறு சொல் உள்ள துண்டுகள் போதும்.

இவ்வளவும் முடித்தவர்கள் நான்கு அங்க வடிவத்தைத் தேடிப் படிக்கலாம். வைல்ட் முதலில் எழுதியது நான்கு அங்கம், மேடைக்காக மூன்றாகச் சுருக்கச் சொன்னவர் அலெக்சாண்டர். வெட்டுப்பட்டதில் கிரிப்ஸ்பி என்ற வக்கீல் வரும் காட்சி முக்கியமானது: எர்னஸ்ட் பெயரில் லண்டன் சவாய் ஹோட்டலில் சாப்பிட்ட கடன் 762 பவுண்டு 14 ஷில்லிங் 2 பென்ஸ், கட்டாவிட்டால் ஹாலோவே சிறை என்று வந்து நிற்கிறார். கடனை வைத்தது ஜாக், ஆனால் அந்தப் பெயரில் அப்போது மாட்டிக்கொள்வது அல்ஜெர்னான். கடன், பெயர், விருந்து மூன்றும் ஒரே பில்லில் வருவதால் இரண்டாம் அங்கத்தைப் படித்த கையோடு இதைப் படிப்பது நல்லது. பாடத்தில் மூன்று அங்க வடிவம் இருந்தால் விடைத்தாளில் கிரிப்ஸ்பியைக் கொண்டுவராதீர்கள், கொண்டுவந்தால் வெட்டப்பட்ட காட்சி என்று தெளிவாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.